மேல் ஸாவில் ஒரு மீன் ஏலம்

என் மச்சினன் இசக்கிராஜா ஒரு புளுகன். என்னை வெள்ளை வேட்டி கட்டவைத்து, கடற்கரையில் சம்மணம் போட்டு உட்காரவைத்து, கர்நாடக சங்கீதம் பாடவைத்து, அந்தப் பாட்டின் நடுவில் என் மானத்தைக் கூறு கட்டி விற்றவன் அவன்தான். இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. கேட்டால், "நான் என்னத்தான் செஞ்சேன்?" என்று பச்சைப்பிள்ளை மாதிரி முழிக்கிறான். தனியாகக் கேட்டேன். என் மாமியார் முன்னால் கேட்டேன். சாப்பாட்டுப் பந்தியில் கேட்டேன். பலனில்லை. அதனால் இப்போது அச்சில் கேட்கிறேன்.

நான் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் போடுகிறவன். படகில் வந்த மீனைத் தரையில் கூறு கூறாகக் கொட்டுவார்கள். வியாபாரிகள் சுற்றி நிற்பார்கள். நடுவில் நின்று விலையைக் கத்தி ஏற்றி, ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் என்று முடித்துவைப்பது என் வேலை. மூணுதரம் சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பிறகு வாங்கினவன் அழுதாலும் மாற்றமில்லை, விற்றவன் அழுதாலும் மாற்றமில்லை. இந்த வேலைக்குப் படிப்பு வேண்டாம், முதல் வேண்டாம். தொண்டை வேண்டும். ஐஸ் மில் இரைச்சல், படகு எஞ்சின், காக்கா, வியாபாரிகளின் கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் தாண்டிக் கேட்கிற தொண்டை. நான் துறைமுகத்தில் ஏலம் போட்டால் முத்தையாபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவனுக்குச் சீலா மீன் விலை தெரிந்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள். (சொன்னது நான்தான். ஆனால் யாரும் மறுக்கவில்லை.)

அப்படிப்பட்ட தொண்டை ஒரு நாள் அடைத்தது. சளி என்று நினைத்தேன். மிளகுப்பால் குடித்தேன், சித்தரத்தை மென்றேன், எதுவும் கேட்கவில்லை. 'ஒருதரம்' சொன்னால் வெறும் காற்று வந்தது. 'ரெண்டுதரம்' சொன்னால் தகரத்தில் ஆணி கீறுகிற சத்தம் வந்தது. வீட்டில் மட்டும் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. என் மனைவி செல்வி முதல் முறையாக ஒரு சீரியலை முழுவதும் கேட்டு முடித்தாள்.

டாக்டர் தொண்டைக்குள் கம்பியை விட்டுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, குரல் நாண்ல காய்ப்பு காய்ச்சிருக்கு. மண்வெட்டி பிடிச்ச கையில காய்க்கும் பாருங்க, அது மாதிரி. நீங்க பேசலை, தொண்டையைப் போட்டு அடிச்சிருக்கீங்க. இனிமே வயித்துல இருந்து மூச்செடுத்துப் பேசப் பழகணும். பாட்டுப் பாடுறவங்க அப்படித்தான் பாடுறாங்க. இல்லேன்னா ஆப்பரேஷன்தான்."

"ஆப்பரேஷன் பண்ணுனா பழைய குரல் வருமா சார்?"

அவர் கையைக் கழுவப் போனார்.

அதைவிடப் பெரிய அடி சங்கத்தில் விழுந்தது. ஏலத்தை நடத்துகிற எங்கள் சங்கத்துச் செயலாளர் அந்தோணி அண்ணாச்சி நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் சொல்கிற கெட்ட செய்திதான் அதிகம் வலிக்கும். என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துச் சொன்னார்.

"வே பால்துரை, தப்பா எடுத்துக்கிடாதீரும். தடைக்காலம் முடியுற வரைக்கும் பாப்போம். குரல் வந்துட்டுன்னா நீருதான். வரலேன்னா ஸ்பீக்கர் பொட்டி ஒண்ணு வாங்கி எவங் கையிலயாவது மைக்கைக் குடுத்துர வேண்டியதுதான். அதுக்குத் தொண்டை வலிக்காது பாத்துக்கிடும்."

தடைக்காலம் என்பது மீன் குஞ்சு பொரிக்கிற காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக்கூடாது. கரையோரம் சின்ன வள்ளங்கள் மட்டும் போய் வரும். துறைமுகம் தூங்கும். அந்தத் தூக்கம் கலைவதற்குள் என் குரல் திரும்பவேண்டும். இல்லையென்றால் ஒரு பெட்டி என் இடத்தில் நிற்கும். நான் சாகிற வரைக்கும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்கவேண்டும்.

இந்த நேரம் பார்த்துத்தான் இசக்கிராஜா உள்ளே வந்தான். செல்வியின் தம்பி. துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றுமதி ஆபீஸில் வேலை. யோகா செய்வான், பச்சைத் தேநீர் குடிப்பான், காலையில் ஓடுவான். (எவனும் துரத்தாமலேயே ஓடுவான்.)

"அத்தான், தேரிக்காட்டுல ஒரு முகாம் நடக்கு. இயற்கையோட இருந்து சங்கீதம் படிக்கது. டாக்டர் சொன்ன அதே மூச்சுப் பயிற்சிதான். நானும் துணைக்கு வாரேன்."

"ஏலே, நான் மீன் ஏலம் போடுதவன். எனக்கு எதுக்குல சங்கீதம்?"

"நீங்க ஒண்ணும் பேசாண்டாம். நான் எல்லாம் பேசி வச்சிருக்கேன்."

அவன் என்ன பேசி வைத்திருந்தான் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. 'என் அத்தான் பெரிய ஏற்றுமதியாளர். சின்ன வயதிலிருந்து சங்கீதத்துக்காக ஏங்குகிறவர்.' முதல் புளுகு. நான் சின்ன வயதிலிருந்து ஏங்கியது புரோட்டாவுக்கு.

குலசேகரன்பட்டினத்தைத் தாண்டி, பெரியதாழைக்கு முன்னால், செம்மணல் தேரியில் ஒரு முந்திரித் தோப்பு. ஓலைக் குடிசைகள். ஒரு பக்கம் பனங்காடு, மறு பக்கம் கடல். இடம் நன்றாகத்தான் இருந்தது. விதிமுறைகள்தான் சரியில்லை. பாடுகிற நேரம் தவிர பேசக்கூடாது. போனை ஒப்படைத்துவிடவேண்டும். வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது, மீன் கிடையவே கிடையாது. நான் என் போனைக் கொடுத்தேன். இசக்கிராஜாவும் ஒரு போனைக் கொடுத்தான். அவனிடம் இரண்டு போன் உண்டு என்பதை இந்த இடத்தில் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

செல்வி என் பையில் துணிக்கு அடியில் கொஞ்சம் கருவாடு வைத்து அனுப்பியிருந்தாள். அன்பு. மறுநாள் காலையில் அந்தத் தோப்பில் இருந்த பூனைகள் எல்லாம் என் குடிசை வாசலில் வரிசையாக உட்கார்ந்து தியானம் செய்தன. முகாமை நடத்துகிறவர் காவி ஜிப்பா போட்ட மனிதர். பூனைகளைப் பார்த்து, "உங்க கிட்ட ஏதோ அமைதி இருக்கு சார், மிருகங்களுக்குத் தெரியுது" என்றார். நான் கை கூப்பினேன். மௌன விதி அன்றைக்கு உதவியது.

பாட்டு டீச்சர் பெயர் காயத்ரி. திருச்சிக்காரப் பெண். என் வயதில் பாதிதான் இருக்கும். ஆனால் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தால் எனக்கு நாலாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் ஞாபகம் வந்தது. முதல் வகுப்பு. சுருதிப் பெட்டி 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டிருந்தது. டீச்சர் 'ஸா' என்று பாடினார். எல்லோரும் 'ஸா' என்றார்கள். என் முறை வந்தது. நான் அதற்கு ஒரு படி மேலே 'ஸா' என்றேன்.

"சார், நான் கொடுத்த இடத்திலேயே நில்லுங்க."

மறுபடி கொடுத்தார். நான் மறுபடி மேலே போனேன். அவர் பொறுமையாக என் இடத்துக்கு வந்து என்னைப் பிடிக்கப் பார்த்தார். நான் அதற்கும் மேலே போனேன். இப்படியே இரண்டு பேரும் ஏறி ஏறி, கடைசியில் அவர் இருமினார், நான் விக்கினேன்.

"ஏன் சார் ஒரே இடத்துல நிக்க மாட்டேங்கிறீங்க?"

"எப்பிடி மேடம் நிக்கது? நின்னா வித்துப் போயிரும்லா!"

அங்கேதான் ஏற்றுமதியாளர் வேஷம் கலைந்தது. விளக்கிச் சொன்னேன். என் தொழிலில் எதிரில் ஒருவன் குரல் கொடுத்தால் அடுத்த குரல் அதைவிட மேலே இருக்கவேண்டும். அதே இடத்தில் நின்றால் ஏலம் செத்துவிட்டது என்று அர்த்தம். இருபத்தைந்து வருஷமாக யார் எந்தக் குரல் கொடுத்தாலும் நான் அதற்கு மேலே போய்த்தான் பழக்கம். (செல்வி இதை உறுதிப்படுத்துவாள்.) டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். சிரிக்கவில்லை.

"சரி சார். இங்க யாரும் எதையும் விக்கல. நீங்க சும்மா நில்லுங்க."

சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு தாளம். தொடையில் ஒரு தட்டு, அப்புறம் சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என்று எண்ணவேண்டும். எனக்கு எதிரில் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தம்மா கெட்டிக்காரி. தொடையில் எண்ணச் சொன்னால் நெஞ்சுக்கு நேரே கையைத் தூக்கி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி விரலைக் காட்டி எண்ணும். என் கண் விரலைப் பார்த்தால் சும்மா இருக்காது. துறைமுகத்தில் பாதி வியாபாரிகள் வாயைத் திறக்கவே மாட்டார்கள். ஒருவன் ஒரு விரல் அசைப்பான், ஒருவன் புருவத்தைத் தூக்குவான். அதைப் பிடிக்கத் தெரிந்தவன்தான் ஏலக்காரன். அந்தம்மா ஒரு விரல் காட்டியதும் நான் தலையாட்டினேன். இரண்டாவது விரலுக்கும் தலையாட்டினேன். மூன்றாவது விரலில், விலை கேட்கிறவர் வேறு யாராவது உண்டா என்று வலது பக்கமும் இடது பக்கமும் பார்த்தேன்.

"சார், என்ன தேடுறீங்க?" என்றார் டீச்சர்.

"ஒண்ணுமில்ல மேடம். அந்தம்மாவுக்கே முடிச்சிரலாமான்னு பாத்தேன்."

இசக்கிராஜா எனக்குப் பின்னால் துண்டை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தான்.

இப்படியே போயிருந்தால் இரண்டாம் நாளே ஓடிவந்திருப்பேன். என்னை நிறுத்தியது விடிகாலைப் பயிற்சி. வெளிச்சம் வருகிற நேரத்தில் கடலைப் பார்த்து உட்கார்ந்து கீழ் ஸ்தாயியில் பாடவேண்டும். கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி அடிக்குரல். டீச்சர் என் பக்கத்தில் வந்து, "தொண்டையை மறந்துடுங்க சார். வயிறு மட்டும்தான் இருக்குன்னு நினைச்சுக்குங்க" என்றார். வயிறு மட்டும்தான் இருக்கிறது என்று நினைப்பது எனக்குக் கஷ்டமே இல்லை. மீன் இல்லாமல் அது வேறு எந்த நினைப்புக்கும் இடம் கொடுக்கவில்லை.

ஒரு காலையில் அது நடந்தது. டீச்சர் ஸா கொடுத்தார். நான் வாயைத் திறந்தேன். குரல் வந்து அவர் குரலுக்குள் அப்படியே உட்கார்ந்தது. மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. கீறல் இல்லை, காற்று இல்லை. மூச்சு தீரும்வரை நின்றது. எனக்கே பயமாகிவிட்டது, யாரோ பின்னால் இருந்து பாடுகிறார்கள் என்று. திரும்பிப் பார்த்தேன். நாய்தான் நின்றது.

"இது உங்க குரல்தான் சார்," என்றார் டீச்சர். "ஆனா ஒண்ணு. இப்பத்தான் ஒட்டியிருக்கு. கத்துனீங்கன்னா மறுபடி பிஞ்சுடும். முகாம் முடியுற வரைக்கும் கத்தவே கூடாது. சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் செய்தேன். அன்று மத்தியானம் உப்பில்லாத சுரைக்காய்க் கூட்டைக்கூட வாயைத் திறக்காமல் சாப்பிட்டேன்.

நிறைவு நாளில் ஆளுக்கு ஒன்று பாடவேண்டும் என்று ஏற்பாடு. குடும்பத்தார் வரலாம். எனக்கு ஒரு சின்ன கீதம் கொடுத்திருந்தார்கள். இசக்கிராஜா வெளியே போய் வந்து என் காதில் கிசுகிசுத்தான்.

"அத்தான், அக்கா வாரா. அந்தோணி அண்ணாச்சியும் வாராவ. நான் சொல்லிட்டேன். ஒங்க குரலை அண்ணாச்சி அவிய காதாலயே கேக்கட்டும்."

அந்தோணி அண்ணாச்சி பேரைக் கேட்டதும் கீதத்தின் முதல் வரியே மறந்துபோனது. அதே சமயம் பயலுக்கு மூளை இருக்கிறது என்றும் தோன்றியது. அந்தோணி அண்ணாச்சி கேட்டுவிட்டால் பெட்டி வராது. நான் கத்தக்கூட வேண்டாம், நாலு வரி பாடினால் போதும்.

மேடை என்றால் பெரிய மேடை இல்லை. மணலில் ஓலைப் பந்தல், கீழே ஜமுக்காளம். பாடுகிறவர் கடலைப் பார்த்து உட்காருவார். கேட்கிறவர்கள் கடலுக்கு முதுகு காட்டி உட்காருவார்கள். இந்த ஏற்பாட்டை முடிவு செய்த மனிதருக்கு என் வாழ்க்கையில் என்ன கோபமோ தெரியாது. முதல் வரிசையில் பெங்களூர் தம்பதி. அடுத்து செல்வி, பட்டுப்புடவையில். அவள் பக்கத்தில் அந்தோணி அண்ணாச்சி, கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் பிரசங்கம் கேட்கிற முகத்தோடு. நான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நெற்றியில் சந்தனம். செல்வி என்னைப் பார்த்துவிட்டு யாரோ என்று நினைத்து, வேறு பக்கம் என்னைத் தேடினாள்.

டீச்சர் சுருதிப் பெட்டியைப் போட்டார். நான் கண்ணை மூடி ஆரம்பித்தேன். நன்றாக வந்தது. இரண்டாவது வரியில் தைரியம் வந்து கண்ணைத் திறந்தேன்.

வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன.

ஒன்று இரண்டு இல்லை. அந்தக் கரையில் வள்ளம் வந்து அடைவதே கிடையாது. ஆனால் வரிசையாக எங்களைப் பார்த்து வந்து மணலில் மூக்கைக் குத்தின. மீனை இறக்கிக் கூறு கட்டினார்கள். பனங்காட்டுப் பக்கம் இருந்து ஐஸ் பெட்டி கட்டிய பைக்குகளும் ஒரு குட்டி லாரியும் வந்து நின்றன. கேட்கிறவர்கள் எல்லோரும் கண்ணை மூடி, தலையை ஆட்டிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் ஒரு மீன் சந்தை முளைப்பது தெரியாமல் இருந்தார்கள். எனக்கு மட்டும்தான் தெரிந்தது. டீச்சருக்கும் தெரிந்தது. அவர் தாளம் போடுவதை நிறுத்தாமல், 'பாடுங்க' என்று கண்ணால் அதட்டினார்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் என்னிடம் மீன் எடுக்கிற ரோசம்மா அக்கா அந்தக் கூட்டத்தில் நின்றாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"அண்ணாச்சி! இங்கன எல்லாம் ரெடி! நீங்க பாட்டு படிச்சி முடிச்சிட்டு மெதுவா வாங்க!"

பாதிப் பேர் கண்ணைத் திறந்தார்கள். காவி ஜிப்பாக்காரர் அவர்களை 'உஷ்' என்றார். நான் மூன்றாவது வரிக்குப் போனேன்.

என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு மெதுவாகப் புரிந்தது. நான் வந்திருக்கிறேன், இங்கே ஏலம் போடுகிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பி அந்த மனிதர்கள் வழக்கமாக அடைகிற கரையை விட்டுவிட்டு இங்கே மீனை இறக்கியிருக்கிறார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஏலம் போட ஆள் இல்லை. குட்டி லாரியில் வந்த ஒரு பெரிய வியாபாரி கூறுகளுக்கு நடுவில் நடந்து, காலால் தட்டிக் காட்டி, "எல்லாத்தையும் நானே சேர்த்து எடுத்துக்கிடுதேன், பேசாம அள்ளுங்க" என்றான். அவன் சொன்ன விலை எனக்குக் கேட்டது. அது விலையே இல்லை. ஒரு வள்ளக்காரர், என் வயதுதான் இருக்கும், தன் கூறுக்கு முன்னால் வந்து நின்றார். வியாபாரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கூப்பிடக்கூட இல்லை. சும்மா பார்த்தார்.

நான் அந்த நேரம் மேல் ஸாவில் இருந்தேன். பாட்டிலேயே உயரமான இடம். அதைப் பிடித்து நிற்கவேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தார். நின்றேன். எதிரில் பெங்களூர் அம்மா நெஞ்சுக்கு நேரே கையை வைத்துத் தாளம் எண்ணியது. ஒரு விரல். பின்னால் வியாபாரி அடுத்த கூறில் கை வைத்தான். இரண்டு விரல்.

என் வாய் தானாகத் திறந்தது. ஏற்கெனவே திறந்துதான் இருந்தது, அதனால் என்னால் ஒன்றும் செய்யமுடியவில்லை.

"ஒருதரம்ம்ம்..."

மேல் ஸாவில்தான் வந்தது. டீச்சர் கை தட்டில் நின்றது. அடுத்த தட்டு விழவேண்டிய இடத்தில்:

"ரெண்டுதரம்ம்ம்..."

மூன்று விரல். பின்னால் வியாபாரி வாயைப் பிளந்து நின்றான். அவன் விரலைத் தூக்கவில்லை.

"மூணுதரம்! பெங்களூர் அம்மாவுக்கு!"

சுருதிப் பெட்டி மட்டும் 'ம்ம்ம்' என்றது.

முதல் கூறு திருக்கை. ரோசம்மா அக்கா தொழில் தெரிந்தவள். ஏலம் முடிந்தால் சரக்கு வாங்கினவர் முன்னால் இருக்கவேண்டும். கூடையைத் தூக்கிக்கொண்டு ஜமுக்காளத்தில் நடந்து வந்து அந்தம்மா முன்னால் இறக்கினாள். வால் சரிந்து ஜமுக்காளத்தில் விழுந்தது.

"எடுத்துக்கிடும்மா. ஒங்களுக்குத்தான் முடிஞ்சிருக்கு."

"நாங்க... நாங்க வெஜிடேரியன்!"

"அதுக்கென்னம்மா. மீனு ஒங்கள ஒண்ணும் செய்யாது."

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்குப் பாதிதான் ஞாபகம். வேட்டியை மடித்துக் கட்டியது ஞாபகம் இருக்கிறது. சந்தனம் வியர்வையில் ஓடிக் கண்ணில் விழுந்தது ஞாபகம் இருக்கிறது. பாறை, விளமீன், சாளை என்று கூறு கூறாகப் போனேன். அந்தப் பெரிய வியாபாரியை மற்ற வியாபாரிகளோடு மோதவிட்டு, அவன் முகம் கறுக்கிற வரைக்கும் ஏற்றினேன். காவி ஜிப்பாக்காரர் என் பின்னாலேயே, "சார், இது புனிதமான இடம், சார், இது புனிதமான இடம்" என்று ஓடி வந்தார். அதுவும் ஒரு தாளத்தில்தான் இருந்தது. செல்வி ஆரம்பத்தில் முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். விளமீன் கூறுக்கு வந்தபோது முந்தானை விலகியது.

"ஏங்க, அந்த வெளமீனை வெளியே விட்டுராதிய! நல்லா இருக்கு!"

எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது முகாமே கரையில் நின்றது. பெங்களூர் அம்மா தூரத்தில் ஒரு முந்திரி மரத்தடியில் அழுதுகொண்டிருந்தார். வாங்கியதைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் காவி ஜிப்பாக்காரர் கேட்டார். மூணுதரம் சொன்னால் சொன்னதுதான் என்றேன். அந்த நேரத்தில்கூட அதைத்தான் சொன்னேன், அவ்வளவு பெரிய மடையன் நான். அந்தம்மாவின் கணவர் மெதுவாக என் பக்கத்தில் வந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, காதில் கேட்டார்.

"பொரிச்சா நல்லா இருக்குமா?"

"பொரிக்கவா? இது நெறைய பூண்டு போட்டுக் குழம்பு வைக்கத மீன் சார்."

பூண்டு என்ற சொல்லைக் கேட்டதும் அந்த மனிதர் கண் கலங்கினார்.

டீச்சர் பந்தலிலேயே உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றேன். திட்டுவார் என்று தெரியும். திட்டவும் செய்தார். சத்தியம் செய்தவர் இப்படியா என்றார், மற்றவர்கள் பாட்டையும் சேர்த்துக் கெடுத்தீர்கள் என்றார், தன்னை இனி இந்த முகாமுக்குக் கூப்பிடமாட்டார்கள் என்றார். அதற்கெல்லாம் தலை குனிந்தேன். கடைசியில் ஒன்று சொன்னார்.

"எங்கயாவது சுருதி விலகும், பிடிச்சுத் திட்டலாம்னு கடைசி வரைக்கும் கேட்டுட்டு இருந்தேன் சார். விலகவே இல்ல. அதுதான் எனக்கு இன்னும் கோபம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கத்தவே இல்லை. அவ்வளவு நேரமும் வயிற்றிலிருந்துதான் வந்திருக்கிறது. ஆனாலும் நம்பவில்லை. அன்று முழுவதும் வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் விழித்ததும் அப்படியே படுத்துக் கிடந்தேன். வாயைத் திறந்து பார்க்கப் பயம். வெகுநேரம் கழித்து, "செல்வி" என்றேன். "என்ன, காப்பியா?" என்று அடுப்படியில் இருந்து பதில் வந்தது. அவ்வளவு தூரம் கேட்டிருக்கிறது. காப்பி வருவதற்குள் போர்வைக்குள்ளேயே இன்னும் மூணுதரம் 'செல்வி' என்று சொல்லிப் பார்த்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

சங்கம் ஸ்பீக்கர் பெட்டி வாங்கவில்லை. தடைக்காலம் முடிந்து முதல் படகு வந்தபோது நான்தான் நின்றேன். ஆனால் மானம் திரும்ப வரவில்லை. இன்றைக்கும் நான் ஏலத்துக்கு நின்றால் வியாபாரிகள் எல்லோரும் சேர்ந்து முதலில் 'ம்ம்ம்' என்று சுருதி போடுகிறார்கள். ரோசம்மா அக்கா, "அண்ணாச்சி, சந்தனம் எங்க?" என்கிறாள். வீட்டில் அதைவிட மோசம். என் அண்ணன் மகள் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் தாலி கட்டுகிற நேரத்தில் உச்சத்தில் ஒரு பிடி பிடித்தார். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டான். பந்தலில் ஒரு மூலையிலிருந்து ஒரு குரல்: "ஒருதரம்!" அடுத்த முடிச்சுக்கு இன்னும் நாலு குரல் சேர்ந்தது. மூன்றாவது முடிச்சுக்குக் கல்யாண மண்டபமே கத்தியது. ஐயர்கூடக் கத்தினார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணமும் மூணுதரம் இல்லாமல் நடப்பதில்லை. சம்பந்தி வீட்டார் இது எங்கள் குலவழக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்த முதல் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் விடிகாலையில் பாடியதை யாரோ போனில் பதிவு செய்திருக்கிறார்கள். அது மீன் வியாபாரிகளும் வள்ளக்காரர்களும் இருக்கிற வாட்ஸாப் குழுவுக்குப் போயிருக்கிறது. ரோசம்மா அக்கா எனக்குப் போட்டுக் காட்டினாள். கீழே, 'அண்ணாச்சி குரல் திரும்பிட்டு. நாளைக்குக் காலையில இங்கன' என்று எழுதி, இடத்துக்கு வரைபடமும் வைத்திருக்கிறது. அனுப்பியது அவள் அறியாத ஒரு நம்பர். அந்த நம்பர் இப்போது அணைந்து கிடக்கிறது. முகாமில் இரண்டாவது போன் வைத்திருந்த ஆள் ஒருவன்தான்.

எனக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. அத்தான் குரல் திரும்பிவிட்ட சந்தோஷத்தில் யோசிக்காமல் அனுப்பினாயா? அல்லது, நான் நாலு வரி சங்கீதம் பாடினால் அந்தோணி அண்ணாச்சி தலையாட்டிவிட்டுப் போய்ப் பெட்டியை வாங்கிவிடுவார், மீனைக் கண்முன் கொண்டுவந்து கொட்டினால்தான் அவர் நம்புவார் என்று திட்டம் போட்டு, வள்ளம் வள்ளமாக வரவழைத்தாயா? முதலாவது என்றால் உன் செவுட்டில் ஒன்று வைக்கவேண்டும். இரண்டாவது என்றால் உன் வீட்டுக்கு வந்து உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். என்ன சொல்வேன் என்று இங்கே எழுதமாட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் மகளுக்குக் காது குத்து. சொந்தக்காரர்கள் எல்லோரும் இருப்பார்கள். அந்தோணி அண்ணாச்சியும் வருவார். மைக் செட் சொல்லியிருக்கிறாய். பந்திக்கு முன்னால் மைக்கைப் பிடித்து, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி பதில் சொல்லு இசக்கிராஜா.

ஒருதரம்.

ரெண்டுதரம்.